43-ஆ, 44-ஆ?

பூஜை அறையில் ஸ்ரீசக்கரப் படம் இருக்கிறதா? கொஞ்சம் கிட்டே போங்கள். கும்பிட அல்ல, எண்ண. உள்ளே எத்தனை குட்டி முக்கோணங்கள்?

முதல் தடவை 39 வரலாம். மறுபடி எண்ணினால் 46. மூன்றாவது தடவை தலை சுற்றும். வெட்கப்படாதீர்கள். இந்தக் கணக்கில் பண்டிதர்களே இரண்டு கட்சி.

ஆதிசங்கரர் பாடியதாகச் சொல்லப்படும் சௌந்தர்யலஹரியின் 11-வது ஸ்லோகம் ஸ்ரீசக்கரத்தின் அமைப்பைச் சொல்கிறது. சிவனுக்கு 4 பெரிய முக்கோணம், சக்திக்கு 5. எதிரும் புதிருமாக, ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு. வெட்டியதில் மொத்தம் எத்தனை விளைந்தது என்கிற இடத்தில்தான் வம்பு. சில பாடங்களில் 43. சிலவற்றில் 44.

வெளியிலிருந்து வரிசை வரிசையாக எண்ணுங்கள். 14, 10, 10, 8, நடுவில் 1. ஆக 43. மையத்தில் இருக்கும் பிந்துவையும் சேர்த்துக்கொண்டால் 44. தீர்ந்தது வழக்கு.

ஒன்று கூடினால் குறைந்தால் என்ன என்கிறீர்களா? இரண்டு கோடு வெட்டுகிற இடம் சந்தி. மூன்று கோடு ஒரே புள்ளியில் கூடினால் மர்மம். அங்கே ஒரு கோடு நூலளவு விலகினாலும் பொடியாக ஒரு முக்கோணம் கூடுதலாக முளைத்துவிடும். நான் பி.காம். படித்தவன். ட்ரையல் பேலன்ஸ் ஒரு ரூபாய் உதைத்தாலும் எங்கோ தப்பு என்று அர்த்தம். இங்கே டாலி ஆகவேண்டிய தொகை 43.

சௌந்தர்யலஹரிக்கு உரை எழுதிய கைவல்யாஸ்ரமர் வரைகிற வழியையும் சொல்லியிருக்கிறார். வட்டத்தின் விட்டத்தை 48 பங்காக்க வேண்டும். வரிசையாக 6, 6, 5, 3, 3, 4, 3, 6, 6, 6 என்று இடைவெளி விட்டு 9 குறுக்குக் கோடுகள். பிறகு முனைகளை இணைக்க வேண்டும். சமன்பாடு எதுவும் கிடையாது. சுலபமான வழிதான். ஆனால் எல்லாம் முழு எண்கள், அதனால் சில மர்மங்களில் மயிரிழை பிசகும். தடித்த கோடு போட்டால் தெரியாது.

பிசகே இல்லாமல் வரைய முடியுமா? 1984-ல் ரஷ்ய ஆய்வாளர் குலைச்செவ் இந்தச் சக்கரத்தின் கணிதத்தை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். 2002-ல் பிரெஞ்சு கணினி விஞ்ஞானி ழெரார் உவே சமன்பாடுகளோடு இறங்கினார். முடியும், ஆனால் தசம எண்களோடு மல்லுக்கட்ட வேண்டும்.

உங்கள் வீட்டுப் படத்தில் 43-க்கு மேல் வந்தால் பயப்படாதீர்கள். சாமி குத்தமில்லை. ஸ்கேல் குத்தம்!