தண்ணீரை ஏற்றுவது காற்று அல்ல

பல வருடங்களாக நாம் வகுப்பில் ஒரு பிழையைப் படிப்பித்து வந்திருக்கிறோம். அதைத் திருத்திக்கொள்ளத்தான் இந்தப் பதிவு.

ஒடுங்கிய கண்ணாடிக் குழாயை நீரில் நிறுத்தினால் நீர் தானாக மேலேறும். ஏன் என்று பிள்ளைகள் கேட்டால், "குழாய்க்குள் காற்றின் அமுக்கம் குறைவு, வெளிக்காற்று நீரைத் தள்ளுகிறது" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். போன தவணை ஒரு மாணவி எழும்பி, "அப்ப சேர், காத்தே இல்லாத இடத்தில ஏறாதா?" என்று கேட்டார். எம்மிடம் பதில் இருக்கவில்லை. "இரும் மகள், பிறகு பார்ப்போம்" என்று இருத்திவிட்டோம்.

பிறகு தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, அது முந்நூறு வருடத்துக்கு முன்பே கேட்கப்பட்ட கேள்வி. நாம் சொன்ன பதிலை 1661இல் ரொபர்ட் ஹூக் என்ற பெரிய விஞ்ஞானியே சொல்லியிருக்கிறார். அதைச் சோதித்துப் பார்த்தவர் பிரான்சிஸ் ஹோக்ஸ்பீ. துணி வியாபாரம் பழகியவர். பின்னர் நியூட்டன் தலைவராக இருந்த லண்டன் ரோயல் சொசைட்டியில் பரிசோதனைகள் செய்து காட்டினார். குழாயையும் நீரையும் கண்ணாடி மூடிக்குள் வைத்து, பம்பியால் காற்றை வெளியேற்றினார். நீர் அதே உயரத்துக்கு ஏறியது! 1709இல் வந்த அவரது நூலில் இந்தப் பரிசோதனை இருக்கிறது. குழாயின் சுவர் தடித்தாலும் மெலிந்தாலும் உயரம் மாறவில்லை என்பதையும் அவர் கண்டார். அப்படியானால் நீரை இழுப்பது கண்ணாடியின் உட்பரப்பு மட்டுமே.

1718இல் ஜேம்ஸ் ஜூரின் என்ற வைத்தியர் கணக்கைச் சொன்னார்: துளை பாதியானால் உயரம் இரட்டிப்பாகும். 1 மில்லிமீற்றர் துளையில் நீர் சுமார் 3 சென்ரிமீற்றர் ஏறும், 0.1 மில்லிமீற்றரில் சுமார் 30 சென்ரிமீற்றர். காரணத்தை 1805இல் தோமஸ் யங் தெளிவாக்கினார். நீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல் போல நடந்துகொள்கிறது, இதுவே பரப்பிழுவை. குழாய்க்குள் அந்தப் பரப்பு கிண்ணம் போலக் குழிகிறது. அமுக்கம் குறைவது அந்தக் குழிவுக்குக் கீழே உள்ள நீரில், காற்றில் அல்ல. நாம் பிழைவிட்ட இடம் இதுதான்.

இதற்கும் நமது தோட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? சலித்த சாம்பலை இறுக்கி நிரப்பிய குழாயின் அடியை நீரில் வைத்தால், ஓரிரு வாரத்தில் நீர் 30, 40 அங்குலம் ஏறும் என்று நியூட்டன் தனது ஒளியியல் நூலில் எழுதியிருக்கிறார். சாம்பலில் குழாய் ஏது? துகள்களுக்கு இடையிலான வெளிகள்தான் குழாய்கள். மண்ணும் அப்படியே.

ஆனாலும் இதை மண்ணுக்கு முறையாகப் பொருத்திப் பார்க்க இன்னும் ஒரு நூற்றாண்டு சென்றது. 1907இல் அமெரிக்க விவசாயத் திணைக்கள வெளியீடொன்றில் எட்கர் பக்கிங்ஹாம் கேள்வியையே மாற்றிப் போட்டார். மண்ணில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பது மட்டும் போதாது. மண் அதை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்றார்.

கரையோர மணல் தோட்டத்தில் துளைகள் பெரிது. ஊற்றும் நீரில் பெரும்பகுதி கீழே வடிந்துவிடும். அங்கே ஒரேயடியாக நிறைய ஊற்றுவதை விட, கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை ஊற்றுவதே நல்லது. கூட்டெருவும் சேர்க்க வேண்டும். களிமண்ணில் துளைகள் மிகச் சிறிது. அங்கே மண்ணில் ஈரம் இருக்கும்போதே பயிர் வாடுவதுண்டு. மண்ணின் பிடியிலிருந்து அந்த நீரை வேரால் பறிக்க முடிவதில்லை.

எமது ஆய்வுகூடத்தில் காற்றை வெளியேற்றும் பம்பி இல்லை. சாம்பலும் மணலும் களிமண்ணும் எல்லா ஊரிலும் உண்டு. கண்ணாடி போலத் தெரியும் மூன்று பிளாஸ்டிக் குழாய்களின் அடியில் துணி கட்டி, ஒவ்வொன்றிலும் ஒன்றை நிரப்பி, நீர்த் தட்டில் நிறுத்துங்கள். தினமும் பிள்ளைகளை அளந்து எழுதச் சொல்லுங்கள். மணலில் நீர் விரைவாக ஏறி நின்றுவிடும். களிமண்ணில் மெதுவாக ஏறிக்கொண்டே இருக்கும்.

அந்த மாணவியிடம் வகுப்பின் முன்னாலேயே சொன்னோம்: "மகள், நீங்கள் கேட்டது சரி. நாங்கள் சொன்னதுதான் பிழை." பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று நினைத்தோம். மாறாக, அன்று மேலும் நான்கு கைகள் உயர்ந்தன.