வெள்ளமும் ஆழ்கடல் வண்டலும்

ஆற்று வெள்ளம் கடல்வரை கொண்டுசேர்க்கும் மணலும் சேறும் கடலடிச் சரிவில் இறங்கி, ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்தில் அடுக்கடுக்காகப் படிவதே ஆழ்கடல் வண்டல். மலையிலிருந்து சமவெளிக்கு மண்ணைக் கொண்டுவருவது ஆறு. கடலுக்குள் அந்த வேலையைத் தொடர்வது கலங்கல் நீரோட்டம். சேறு கலந்த நீர் சுற்றியுள்ள நீரைவிடக் கனமானது. ஆகவே அது தரையை ஒட்டிப் பள்ளம் நோக்கிப் பாய்கிறது. வேகம் தளர்ந்ததும் பருமணல் முதலில் இறங்கும். பொடிமணல் அதன்மேல் படியும். களிமண் கடைசியில் அமரும்.

இந்த வரிசையை மதுரையிலேயே பார்க்கலாம். வெள்ளம் வடிந்த பிறகு வைகையின் மணல்திட்டில் ஒரு முழம் தோண்டினால் அடியில் பரல் கலந்த பருமணல், நடுவில் பொடிமணல், உச்சியில் வெயிலில் வெடித்து ஓடு ஓடாகப் பெயரும் சேறு.

வைகை வெள்ளம் மதுரையின் நினைவில் ஆழப் பதிந்தது. பெருகிவந்த ஆற்றின் கரையை அடைக்க இறைவனே பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடலை ஆவணி மாதப் புட்டுத் திருவிழா ஆண்டுதோறும் கொண்டாடுகிறது. ஆனாலும் அந்த வெள்ளத்தின் மண் ஆழ்கடலைத் தொடுவது அரிது. வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகை சுமார் 258 கி.மீ. ஓடி, ஆற்றங்கரை அருகே பாக் விரிகுடாவை அடைகிறது. வழியெங்கும் கண்மாய்கள் நீரையும் வண்டலையும் பங்கிட்டுக்கொள்கின்றன. எஞ்சியதில் பெரும்பங்கு ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்குப் போகிறது. 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணை மேல்நிலத்து மண்ணை முன்னதாகவே தடுத்துவிடுகிறது. மிஞ்சி வருவதைப் பெறும் பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லாதது. சரிவு இல்லாத இடத்தில் கலங்கல் நீரோட்டத்துக்கு வேகம் பிறப்பதில்லை.

எதிர்க்கரையில் நிலைமை வேறு. இலங்கையின் மிக நீளமான ஆறான மகாவலி, திருகோணமலையை அடுத்த கொட்டியாரக்குடாவில் கலக்கிறது. கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று அந்தக் குடாவுக்குள்ளேயே தொடங்கி ஆழ்கடலுக்கு இறங்குகிறது. சோழமண்டலக் கரையிலும் கடலூர், புதுச்சேரிக்கு எதிரே உள்ள கடலடிப் பள்ளத்தாக்குகளை இந்திய ஆய்வாளர்கள் 1960-களில் பதிவு செய்தனர்.

இந்த நிகழ்வை அறிவியல் மெல்ல மெல்லத்தான் புரிந்துகொண்டது. சேறு சுமந்த ரோன் ஆறு ஜெனீவா ஏரிக்குள் நுழைந்ததும் அடியில் மூழ்கிப் பாய்வதை 1880-களில் சுவிஸ் அறிஞர் ஃபொரெல் விளக்கினார். 1929 நவம்பர் 18 அன்று கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து அருகே கடலடியில் நிலம் நடுங்கியது. அட்லாண்டிக் தந்திக் கம்பிகள் அதன்பின் 13 மணி நேரத்துக்கும் மேலாக ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன. 1950-இல் டச்சு அறிஞர் குனென், இத்தாலியரான மிலியோரினியுடன் சேர்ந்து, பருமணல் அடியிலும் நுண்மணல் மேலுமாக அமைந்த அடுக்குகளுக்குக் கலங்கல் நீரோட்டமே காரணம் என்று காட்டினார். ஹீசன், யூயிங் இருவரும் 1952-இல் 1929-இன் கம்பி அறுபட்ட நேரங்களைக் கணக்கிட்டு, அவற்றை அறுத்ததும் அத்தகைய நீரோட்டமே என்றனர். 1962-இல் பவுமா இந்தப் படிவுகளின் ஐந்து அடுக்கு வரிசையை வகுத்தார்.

வெள்ளம் நேராகவே கடலடியில் பாயவும் முடியும். ஆனால் கடல்நீர் உப்பால் கனமானது. நன்னீர் அதற்குக் கீழே மூழ்கவேண்டுமானால் ஒரு கனமீட்டரில் ஏறக்குறைய 36 முதல் 43 கிலோ வரை வண்டல் கலந்திருக்க வேண்டும். செங்குத்தான மலையிலிருந்து குறுகிய தூரம் ஓடிவரும் ஆறுகளே பெருமழையில் இந்த அளவை எட்டுகின்றன. 2009 ஆகஸ்டில் மொராகோட் புயல் தைவானைத் தாக்கியபோது காவ்பிங் ஆற்றின் வெள்ளத்தைத் தொடர்ந்து கடலடித் தொலைத்தொடர்புக் கம்பிகள் அறுந்தன. மற்ற இடங்களில் வண்டல் முகத்துவாரத்தில் குவிந்து, பின்னொரு நாள் சரிகிறது. காங்கோ ஆற்றில் 2019 கடைசியில் வந்த பெருவெள்ளத்துக்குப் பின், 2020 ஜனவரியில் புறப்பட்ட நீரோட்டம் 1,100 கி.மீ.க்கும் மேல் ஓடி, ஆப்பிரிக்காவின் இணையக் கம்பிகளை அறுத்தது.

உலகின் மிகப்பெரிய ஆழ்கடல் வண்டல் நம் வங்கக் கடலில்தான் இருக்கிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவரும் இமயத்து மண், கடலடிப் பள்ளத்தாக்கு வழியே இறங்கி, சுமார் 3,000 கி.மீ. நீளத்துக்கு இலங்கையையும் தாண்டி விசிறிபோல் விரிந்திருக்கிறது. வடக்கில் அதன் கனம் 16 கி.மீ.யைத் தொடுகிறது. கர்ரேயும் மூரும் 1971-இல் இதன் அமைப்பை விரிவாக எழுதினர். 2015-இல் பன்னாட்டு ஆய்வுக் கப்பல் ஒன்று, கன்னியாகுமரிக்கு நேர் கிழக்கே, 8 டிகிரி வட அட்சக்கோட்டை ஒட்டி ஏழு இடங்களில் துளையிட்டு வண்டல் மாதிரிகளை எடுத்தது. இமயமலை தேய்ந்த வரலாறும் பருவமழையின் பழைய போக்கும் அந்த மாதிரிகளிலிருந்து படிக்கப்படுகின்றன.

ஆழ்கடலை எட்டாத வைகை வண்டலுக்கும் மதிப்பு குறைவில்லை. மதுரைச் சீமையின் உழவர்கள் கோடையில் கண்மாயிலிருந்து கரம்பை மண் அள்ளி வயலுக்கு அடிக்கிறார்கள். அதைக் கட்டணமின்றி எடுக்க அரசும் அனுமதி தருகிறது. அள்ளாமல் விட்டால் கண்மாய் மேடேறி நீர் கொள்ளாது. எனவே வைகைப் படுகையில் வெள்ள அளவோடு, அணையிலும் கண்மாய்களிலும் ஆண்டுதோறும் தங்கும் வண்டலையும் முறையாக அளந்து பதிவுசெய்ய வேண்டும்.