வழியச்சம் நீக்கிய தாள்

பொருளீட்டப் பிறவூர் சென்றவர் தம் வீட்டுக்குப் பணம் சேர்ப்பிப்பது முற்காலத்தில் எளிதாயிருந்ததில்லை. மடியில் கட்டிக்கொண்டு நடந்தால் கள்வர் பயம். கடல்வழி அனுப்பினால் புயல் பயம். பிறர் கையில் கொடுத்தாலோ அவரது நாணயமே துணை. இவ்வச்சத்துக்கு மனிதன் கண்ட மாற்று, பணத்தை இருந்த இடத்தில் வைத்துவிட்டு எழுத்தை மட்டும் பயணம் செய்விப்பதாகும்.

அரபு வணிகர் இதனை 'ஸுஃப்தஜா' என்றனர். பாரசீகத்திலிருந்து அரபிக்கு வந்த சொல் இது. அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) மக்காவில் மக்களிடம் திர்ஹம்களைப் பெற்று, இராக்கிலிருந்த தம் சகோதரர் முஸ்அபுக்கு எழுதிக்கொடுப்பார். அவர்கள் அங்கே பெற்றுக்கொள்வர் என ஃபிக்ஹு நூல்கள் கூறும். எனினும், பணம் தருபவர் கடன் தருபவராகிறார். வழியச்சம் நீங்குதல் அக்கடனால் வரும் ஆதாயமன்றோ என்ற வினா எழுந்தது. அதை நிபந்தனையாக்குவது மக்ரூஹ் என்றனர் ஹனஃபி அறிஞர். நம் நாட்டு வணிகரின் உண்டியலும் இவ்வகையினதே.

இந்தியாவில் அரசாங்கக் கஜானாக்கள் வழியே நடந்துவந்த பணம் அனுப்பும் பணி, 1880 ஜனவரி 1 அன்று அஞ்சல் துறையின் கைக்கு மாறியது. கஜானாக்கள் சிலவே; தபாலாபீஸ்களோ சிற்றூர்களிலும் இருந்தன. ஆகவே, வணிகர்க்கே எளிதாயிருந்த வசதி, கூலியாளுக்கும் கடைச் சிப்பந்திக்கும் கிட்டியது.

நாமறிந்த மணியார்டர் படிவத்தைச் சற்றே நினைவுகூர்வோம். தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதவேண்டும். எண்ணைத் திருத்துவது எளிது, எழுத்தைத் திருத்துவது அரிது. பெற்றவர் கையொப்பமிட்ட ஒப்புகைத் துண்டு அனுப்பியவரிடம் திரும்பிவரும். எழுத்தறியாதவர் பெருவிரல் ரேகை வைத்தால், அதற்குச் சாட்சியும் ஒப்பமிடவேண்டும். கடனை எழுதிக்கொள்ளவும் சாட்சி வைக்கவும் பணிக்கும் அல்பகரா 282ஆம் வசனத்தை ஓதியவர்க்கு இவ்வொழுங்கு அந்நியமாகத் தோன்றாது. செய்திக்கென இருந்த சிறு கூப்பன் மட்டும் பெற்றவரிடமே தங்கும். அரிசிக்கு இவ்வளவு, கடைக்கடனுக்கு இவ்வளவு, பிள்ளையின் படிப்புக்கு இவ்வளவு என்று ஒரு குடும்பத்தின் மாதக் கணக்கே அச்சிறு இடத்தில் அடங்கியதுண்டு.

இதற்கு அஞ்சல் துறை பெற்ற கட்டணம் பிற்காலத்தில் 20 ரூபாய்க்கு 1 ரூபாய் என்றிருந்தது. தொடக்க காலத்திலேயே இத்தகைய கட்டணம் கூடுமா என உலமாக்கள் ஆராய்ந்தனர். மௌலானா ரஷீத் அஹ்மத் கங்கோஹி கூடாதென்றார். மௌலானா அஷ்ரஃப் அலீ தானவியோ, அதனைப் படிவம் எழுதி அனுப்பும் பணிக்குரிய கூலியாகக் கொள்ளலாமென இடமளித்தார். ஏழையின் சம்பாத்தியம் தூய்மையாக அவன் வீடு சேரவேண்டுமென்ற கவலையே இரு கருத்துக்கும் அடிப்படை.

2015இல் பழைய தாள் முறை நிறுத்தப்பட்டு, மின்னணு முறை அதன் இடத்தைப் பிடித்தது. இன்று கைப்பேசியில் விரல் பட்டவுடன் பணம் சேர்ந்துவிடுகிறது. கருவி மாறினும் நாம் கேட்கவேண்டிய கேள்விகள் மாறவில்லை: சேர்ந்ததற்கு எழுத்துச் சான்று உண்டா? நடுவில் நிற்பவர் கொள்வது உழைப்பின் கூலியா, கடனின் ஆதாயமா?