இரு களங்கள், இரு வீரர்கள்



எங்கள் கோப்பாயிலே மாசி மாதத்தில் நெல் அறுவடை முடிந்ததும் வயல்கள் சிறுவர்க்கு விளையாட்டுக் களங்களாகிவிடும். இறுகிய நிலத்திலே மூன்று தடிகளை நட்டு, தென்னைமட்டையைத் துடுப்பாகச் செதுக்கிக்கொண்டு, பொழுதுபடும் வரை ஆடுவர். தூரத்து வரம்பின்மேல் நிற்பவன் பெரும்பாலும் அவர்களுள் இளையவனாயிருப்பான். உயர எழுந்துவரும் பந்தை ஓடிப் பிடிப்பது அவன் கடமை. சென்ற அறுவடைக்குப் பின் ஒருநாள் மாலை நான் அவ்வழியே வந்தபோது, அத்தகைய சிறுவன் ஒருவன் என்னை மறித்து, "சேர், முரளிக்கு முதல் தமிழருக்குள்ள பெரிய கிரிக்கெட்காரர் ஆர்?" என்று வினவினான். "மகாதேவன் சதாசிவம்" என்றேன். "அவர் எத்தனை ஓட்டம் எடுத்தவர்?" என்றான் உடனே.

எளிய வினாத்தான். ஆயினும் அதற்கு விடைகூறுதல் எளிதன்று. ஏன் எளிதன்று என்பதே இன்று நான் உங்களோடு பேச எண்ணிய பொருள். இதனை விளங்கிக்கொள்வதற்கு, சதாசிவத்தின் காலத்திலே வாழ்ந்த வேற்றுநாட்டு வீரர் ஒருவரை அவருக்கு அருகே நிறுத்திப் பார்த்தல் நன்று. அவர் அமெரிக்க நாட்டு ஜோ டிமாஜியோ. சதாசிவம் பிறந்தது 1915 ஆம் ஆண்டு ஒக்டோபரில். டிமாஜியோ பிறந்தது 1914 ஆம் ஆண்டு நவம்பரில். இருவருக்குமிடையே ஓராண்டு வேற்றுமையும் முழுதாக இல்லை.

டிமாஜியோ ஆடியது பேஸ்போல் என்னும் ஆட்டம். எங்கள் பாடசாலைகளில் ஆடப்படும் எல்லேயை அறிந்தவர்க்கு அதன் போக்கு ஓரளவு விளங்கும். உருண்ட தடியால் பந்தை அடித்துவிட்டு, வரிசையாக அமைந்த தளங்களைச் சுற்றி ஓடிவருதல் அதன் முறை. அடிப்பவர்க்கு அணித்தான உட்களத்திலே சிலர் நிற்க, அப்பால் விரிந்த புல்வெளியை இடம், நடு, வலம் என மூவர் பங்கிட்டுக் காப்பர். இவர்களே வெளிக்கள வீரர். தடியிற் பந்து படும் ஓசையைக் கொண்டும், அது எழும் கோணத்தைக் கொண்டும், பந்து விழுமிடத்தை அக்கணமே கணித்து ஓடவேண்டும். கணிப்பிலே ஓரடி பிழைத்தால் எதிரணிக்கு இரண்டு தளங்கள் கிடைத்துவிடும். டிமாஜியோ நியூயோர்க் யாங்கீஸ் அணியின் நடு வெளிக்களத்தைக் காத்தவர். அம்மைதானத்தின் ஒரு பக்கத்து எல்லை அடிப்பவரிடமிருந்து 450 அடிக்கும் அப்பால் இருந்தது. அப்பரப்பை அவர் ஓடுவது தோன்றாமலே ஓடிக் கடந்தார் என்று கண்டவர் வியந்து கூறுவர்.

அவர் இத்தாலியிலிருந்து குடியேறிய மீனவர் ஒருவரின் மகன். தந்தையோடு படகிற் செல்ல விரும்பாது பந்தாட வந்தவர். 1936 ஆம் ஆண்டு முதல் 1951 ஆம் ஆண்டு வரை, போரின்பொருட்டு இராணுவத்திலே கழிந்த மூன்றாண்டுகள் நீங்கலாக, 13 பருவங்கள் ஆடினார். அவர் ஆடிய ஆட்டங்கள் 1,736. எல்லையைக் கடத்தி அடித்த முழுவட்ட அடிகள் 361. அவர் காலத்தில் அவருடைய அணி உலகத் தொடரை 9 முறை வென்றது. 1941 ஆம் ஆண்டு மே 15 தொடங்கி ஜூலை 16 வரை, தொடர்ந்து 56 ஆட்டங்களில், ஒன்றிலேனும் தவறாது பந்தை அடித்துத் தளம் சேர்ந்தார். அச்சாதனையை இன்றுவரை எவரும் விஞ்சவில்லை. 1949 ஆம் ஆண்டில் அவருக்கு இசைந்த சம்பளம் ஒரு இலட்சம் டொலர்.

நேயர்களே, இவ்வெண்களை நான் அடுக்கியது வியப்பூட்டுவதற்காக அன்று. ஒரு மனிதரின் தொழில்வாழ்வு முழுவதையும் நாள்தோறும் எண்ணி வைத்திருந்த ஒரு சமுதாயம் அவருக்குப் பின்னால் நின்றது என்பதைக் காட்டுவதற்காகவே. 1869 ஆம் ஆண்டிலேயே சின்சினாட்டி நகர அணியினர் வெளிப்படையாகச் சம்பளம் பெற்று ஆடத் தொடங்கினர். அதற்கு முன்னரே ஹென்றி சாட்விக் என்னும் பத்திரிகையாளர், ஒவ்வோர் ஆட்டத்தையும் சிறு கட்டமொன்றிலே எண்களாகச் சுருக்கிப் பத்திரிகையில் வெளியிடும் முறையை வகுத்துவிட்டார். சாட்விக் இங்கிலாந்திலே பிறந்தவர். கிரிக்கெட் பற்றி எழுதிப் பழகியவர். நமக்குப் பழக்கமான ஓட்டப் பதிவேடே அமெரிக்கப் பேஸ்போலுக்கு முன்மாதிரியாய் அமைந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

இனிச் சதாசிவத்திடம் வருவோம். அவர் கொழும்பு வெஸ்லி கல்லூரியிலே பயின்று, பின்னர் தமிழ் யூனியன் கழகத்துக்கு ஆடினார். 1899 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அக்கழகம் இன்றும் உள்ளது. அக்காலத்து இலங்கையிலே துடுப்பாட்டம் ஒரு தொழிலன்று. கந்தோரிலும் வர்த்தக நிலையத்திலும் வேலைபார்த்தவர்கள் ஓய்வுநாளில் வெள்ளுடை தரித்துக் களமிறங்குவர். ஆடியதற்குச் சம்பளம் கிடையாது. நாடு ரெஸ்ற் அந்தஸ்தும் பெற்றிருக்கவில்லை. ஆகவே வெளிநாட்டு அணிகளை எதிர்க்கும் வாய்ப்பு ஆண்டுக்கு ஓரிரு முறை கிட்டினாலே பெரும்பேறு. இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்குமிடையே கப்பலிற் செல்லும் அணிகள் கொழும்புத் துறைமுகத்திலே தங்கும் ஒரு பகற்பொழுதில் ஆடும் ஆட்டமே நம்மவர்க்கு உலகத்தோடு நேர்ந்த சந்திப்பாயிருந்தது.

அத்தகைய குறுகிய வாயிலூடாகத்தான் சதாசிவத்தின் திறமை வெளிவர வேண்டியிருந்தது. 1947 ஆம் ஆண்டில் இலங்கை அணி சென்னைக்குச் சென்று, சேப்பாக்கம் மைதானத்திலே தென்னிந்திய அணியை எதிர்த்தபோது அவர் 215 ஓட்டங்கள் எடுத்தார். அன்று அம்மைதானத்தில் ஒருவர் எடுத்த ஓட்டங்களில் அதுவே உயர்ந்தது. 1948 ஆம் ஆண்டு மார்ச்சில், டொன் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி இங்கிலாந்து செல்லும் வழியில் கொழும்பு ஓவல் மைதானத்தில் ஆடியபோது இலங்கை அணியின் தலைவர் அவரே. அன்று அமைத்த ஆடுதளம் 22 கெஜத்துக்குக் குறைவாயிருந்தது பின்னரே தெரியவந்தது. மழையும் ஆட்டத்தைக் குலைத்தது. 1950 ஆம் ஆண்டில் பொதுநலவாய அணியை எதிர்த்து அதே மைதானத்திலே 96 ஓட்டங்கள் எடுத்தார். அந்த அணியில் ஆடிய மேற்கிந்திய வீரர் ஃபிராங் வொரல், தாம் கண்ட துடுப்பாட்ட வீரருள் சதாசிவத்துக்கு மிக உயர்ந்த இடம் அளித்துப் பேசினார் என்பர்.

என் தந்தையார் அக்காலம் கொழும்பிலே எழுதுவினைஞராக இருந்தவர். சதாசிவம் ஆடுவதைக் கண்ட நாட்களை முதுமையிலும் மறவாது கூறுவார். பலத்தால் அடித்த ஆட்டம் அன்று அது. பந்து தம்மைக் கடந்து போய்விட்டது என்று பார்ப்பவர் எண்ணும் வேளையிலே, துடுப்பை மெல்லச் சாய்த்து அதை எல்லைக்கு அனுப்பிவிடுவார் என்பது அவர் சொல்லும் வருணனை. டிமாஜியோவின் ஓட்டத்தைப் பற்றி அமெரிக்கர் கூறுவதும் ஏறக்குறைய இதுவேயன்றோ? முயற்சி வெளியே தோன்றாமை இருவர்க்கும் பொதுவான இயல்பாயிருந்தது.

ஆயினும் அதிகாரபூர்வமான ஏட்டைத் திறந்தால், சதாசிவத்தின் முதற்றர ஆட்டங்கள் ஒரு டசினை எட்டவில்லை. டிமாஜியோவுக்கு 1,736, இவருக்குப் பன்னிரண்டுக்கும் குறைவு. ரெஸ்ற் ஆட்டம் ஒன்றேனும் இல்லை. சிறுவனின் வினாவுக்கு விடைகூற நான் தடுமாறியதன் காரணம் இதுதான்.

1951 ஆம் ஆண்டு இருவர் வாழ்விலும் ஒரு முடிவைக் கொணர்ந்தது. அவ்வாண்டு டிசம்பரிலே டிமாஜியோ, தம் பழைய தரத்தில் இனி ஆடவியலாது எனக் கண்டு, தாமே ஓய்வை அறிவித்தார். அதே வேளையில் சதாசிவம் விளக்கமறியலிலே இருந்தார். அவ்வாண்டு ஒக்டோபரில் அவருடைய மனைவியார் கொழும்பில் தம் இல்லத்திலே கொலையுண்டார். குற்றஞ்சாட்டப்பட்ட சதாசிவத்தின் வழக்கு 57 நாட்கள் நடைபெற்றது. கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா அவருக்காக வாதாடினார். ஸ்கொத்லாந்திலிருந்து சட்ட மருத்துவப் பேராசிரியர் சிட்னி சிமித் வந்து சாட்சியமளித்தார். 1953 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் யூரர் ஒருமனதாக அவரைக் குற்றவாளியல்லர் என்று தீர்த்தனர். அத்தீர்ப்பே வரலாற்றின் சொல். அதற்கு மேல் நாம் கூட்டவோ குறைக்கவோ உரிமையுடையோம் அல்லோம். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். இவ்வழக்கைச் சுவையான கதையாக்கிப் பேசுவோர், உயிரிழந்தவர் ஒரு பெண் என்பதையும் குழந்தைகளின் தாய் என்பதையும் மறந்துவிடுகின்றனர். ஆட்டக்காரரைப் புகழும் ஆர்வத்திலே அத்துயரை ஓர் இடைக்குறிப்பாக்கிவிடுதல் நேர்மையாகாது.

அதன்பின் சதாசிவம் கடல் கடந்தார். எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு மலாயா புதிய நாடன்று. புகையிரதப் பகுதியிலும் கந்தோர்களிலும் வேலைபார்த்துத் திரும்பிய மலாயாப் பென்சன்காரரின் நாற்சார வீடுகள் யாழ்ப்பாணத்துக் கிராமம்தோறும் உண்டு. அவர்கள் சென்ற வழியே சென்ற சதாசிவம், சிங்கப்பூர் அணிக்கும் மலாயா அணிக்கும் தலைவரானார். மூன்று நாடுகளின் அணிகளுக்குத் தலைமை தாங்கிய பெருமை அவருடையது. 1977 ஆம் ஆண்டு ஜூலையில் மறைந்தார். 1981 ஆம் ஆண்டில் இலங்கைக்கு ரெஸ்ற் அந்தஸ்து கிடைத்தது. 1982 ஆம் ஆண்டு பெப்ரவரி 17 ஆம் நாள் முதலாவது ரெஸ்ற் ஆட்டம் தொடங்கிய இடம், தமிழ் யூனியன் கழகத்தின் அதே ஓவல் மைதானம். அவர் 96 ஓட்டங்கள் எடுத்த இடத்துக்கு அந்த ஆட்டம் வந்து சேர்ந்தபோது, அவர் இறந்து ஐந்தாண்டுகள் ஆகவில்லை.

அதே கழகத்துக்கு ஆடிய கண்டித் தமிழர் முத்தையா முரளிதரன் 133 ரெஸ்ற் ஆட்டங்களில் 800 இலக்குகளை வீழ்த்தி 2010 ஆம் ஆண்டில் அவ்வகை ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்றார். அவர் வீழ்த்திய ஒவ்வோர் இலக்கும் நாளோடும் இடத்தோடும் எழுதப்பட்டிருக்கிறது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவராயிருந்த விஜயகாந்த் வியாஸ்காந்த் 2024 ஆம் ஆண்டிலே ஹைதராபாத் அணிக்காக இந்தியன் பிரீமியர் லீக் போட்டியில் பந்துவீசினார். துடுப்பாட்டம் இன்று நம்மவர்க்கும் ஒரு தொழிலாகிவிட்டது. சதாசிவத்துக்கு இல்லாதிருந்தது திறமையன்று. அத்திறமையைத் தாங்கி நிற்கும் ஒழுங்கே அவருக்கு வாய்க்கவில்லை.

இங்கே அமெரிக்காவிடமிருந்து கற்கவேண்டிய இன்னொரு பாடம் உண்டு. எல்லாரையும் எண்ணியதாக நான் புகழ்ந்த அந்நாடு, உண்மையில் எல்லாரையும் எண்ணவில்லை. 1947 ஆம் ஆண்டில் ஜாக்கி றொபின்சன் களம் புகும்வரை, இருபதாம் நூற்றாண்டின் பெரிய அணிகளிலே கறுப்பினத்தவர்க்கு இடமில்லை. அவர்கள் தமக்கெனத் தனி அணிகள் அமைத்து ஆடினர். அவ்வாட்டங்கள் பெரிய ஏட்டில் ஏறவில்லை. பிற்காலத்து ஆய்வாளர் பழைய பத்திரிகைகளைத் தேடி, துண்டு துண்டாகக் கிடந்த கட்டங்களைச் சேர்த்துக் கணக்கிட்டனர். அதன் பயனாக 2024 ஆம் ஆண்டிலே, 1920 முதல் 1948 வரையான அவ்வணிகளின் எண்கள் பெரிய ஏட்டோடு சேர்க்கப்பட்டன. வெளிக்கள வீரரான டை கொப் நெடுங்காலம் வகித்த அடித்தற் சராசரியின் முதலிடம், 1947 ஆம் ஆண்டிலேயே இறந்துபோன ஜோஷ் கிப்சன் என்னும் கறுப்பின வீரர்க்கு உரியதாயிற்று. எழுதி வைக்கப்பட்டது எங்கோ ஒரு மூலையிலே கிடந்தால், எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் நீதி செய்யலாம். எழுதப்படாததற்கு அந்த வழியும் இல்லை.

இதனை நான் பட்டறிந்தவன். 1995 ஆம் ஆண்டில் நான் இளம் ஆசிரியன். அக்காலம் நான் கற்பித்த பாடசாலையின் துடுப்பாட்டப் பதிவேடுகள் ஓர் அலுமாரியிலே பல ஆண்டுகளாகச் சேர்ந்திருந்தன. ஒக்டோபர் 30 ஆம் நாள் இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, நானும் கையிலே ஒரு பையோடு நடந்தேன். அந்தப் பையில் ஏடுகளுக்கு இடமிருந்தது, எடுக்கத் தோன்றவில்லை. அடுத்த ஆண்டு மீண்டபோது அலுமாரி இருந்தது; ஏடுகள் இல்லை. அப்பாடசாலையின் சார்பில் அவ்வாண்டுகளில் நூறு ஓட்டங்கள் எடுத்த மாணவர் எவரெவர் என்பதைக் கூற இன்று எழுத்துச் சான்று எதுவுமில்லை.

ஆகவே நேயர்களே, பாடசாலைகளையும் கழகங்களையும் நான் வேண்டுவது இதுதான். யாழ்ப்பாணத்து இரு பெருங் கல்லூரிகளின் வடக்கின் பெருஞ்சமர் 1904 ஆம் ஆண்டிலே தொடங்கியது. அத்தகைய பெரிய ஆட்டங்களை நினைவுகூரப் பலர் உண்டு. சிறிய பாடசாலைகளின் ஆட்டங்களுக்கோ எவரும் இலர். ஈழகேசரி, வீரகேசரி, தினகரன், ஈழநாடு முதலிய பத்திரிகைகளின் பழைய இதழ்கள் எவர் வீட்டுப் பரணிலேனும் இருந்தால், விளையாட்டுப் பக்கத்தைப் பாராமல் எறிந்துவிடாதீர்கள். ஆடி முதிர்ந்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கையில் அவர்களைக் கேட்டு எழுதி வையுங்கள்.

என்னை வினவிய சிறுவனுக்குச் சேப்பாக்கத்து 215 ஐச் சொன்னேன். மறுநாள் பருத்தித்துறை வீதியிலுள்ள கடையொன்றில் தடித்த அட்டைக் கொப்பி ஒன்று வாங்கி, பாடசாலையிலே அவனிடம் கொடுத்து, வயலில் ஆடுவதையும் எழுதிவை என்றேன். முதற் பக்கத்திலே ஆடியோர் பெயர்களும் ஓட்டங்களும் வரிசையாக இருக்கின்றன. வரம்பின்மேல் நின்று பந்து பிடித்தவன் தானே என்பதையும் அவன் மறவாமல் எழுதியிருக்கிறான்.