'யார் சொன்னது'ன்னு ஏன் சொல்லக் கூடாது? சாத்தம் ஹவுஸ் விதி என்றால் என்ன?

'சாத்தம் ஹவுஸ் விதிப்படி நடந்த கூட்டம்' என்ற வரியைச் செய்திகளில் பார்த்திருப்பீங்க. அது என்ன விதி?

யார் இவர்கள்?
லண்டனில் உள்ள வெளியுறவுக் கொள்கை ஆய்வு மையம்தான் சாத்தம் ஹவுஸ். முதல் உலகப் போர் முடிந்து, 1919-ல் பாரிஸ் அமைதி மாநாட்டுக்கு வந்த பிரிட்டன், அமெரிக்கப் பிரதிநிதிகளின் யோசனை இது. சர்வதேசப் பிரச்னைகளை முறையாக ஆராய்ந்தால் இன்னொரு போரைத் தவிர்க்கலாம் என நம்பினார்கள். 1920-ல் லண்டனில் தொடங்கியது. அடுத்த ஆண்டே அமெரிக்கர்கள் நியூயார்க்கில் தனி அமைப்பை உருவாக்கினர்.

விதி என்ன?
1927-ல் வந்த ஒரே விதி. கூட்டத்தில் கேட்ட தகவலைப் பயன்படுத்தலாம். ஆனால், அதைச் சொன்னவர் யார், எந்த அமைப்பைச் சேர்ந்தவர், கூட இருந்தவர்கள் யார் என்பதை வெளியிடக் கூடாது. பதவியில் இருப்பவர்களும் மனம்விட்டுப் பேசணும் என்பதே நோக்கம்.

சிக்கல் எங்கே?
பெயர் இல்லாத கருத்துக்கு யார் பொறுப்பு? இந்த மையத்துக்கு அரசுகள், நிறுவனங்கள், அறக்கட்டளைகள் நிதி தருகின்றன. அமைப்பாக எந்த நிலைப்பாடும் எடுப்பதில்லை, கருத்துகள் ஆய்வாளர்களுடையவை என்கிறது மையம். அதனால் இப்படிப்பட்ட மையங்களின் அறிக்கையைப் படிக்கும்போது ரெண்டு விஷயம் பாருங்க: எழுதியது யார், பணம் கொடுத்தது யார்?