தும்பா முதல் குலசேகரன்பட்டினம் வரை

இந்திய விண்வெளித் திட்டத்தின் வரலாறு பெரும்பாலும் மனிதர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. விக்ரம் சாராபாயின் தொலைநோக்கு, சதீஷ் தவானின் நிர்வாகத் திறன், அப்துல் கலாமின் உழைப்பு என்று விரியும் அந்த எழுத்துகளில், ராக்கெட்டின் முனைக்கூம்பு சைக்கிளில் எடுத்துச் செல்லப்படும் புகைப்படமும், செயற்கைக்கோள் ஒன்று மாட்டுவண்டியில் ஏற்றி வைக்கப்பட்டிருக்கும் புகைப்படமும் தவறாமல் இடம்பெறும். (இரண்டாவது படம் வறுமையின் சான்றாகக் காட்டப்படுவது பொருத்தமன்று, 1981-ல் ஏவப்பட்ட ‘ஆப்பிள்’ செயற்கைக்கோளின் ஆன்டெனாவைச் சோதிக்க உலோகக் குறுக்கீடு இல்லாத மேடை தேவைப்பட்டதால்தான் மரத்தாலான வண்டி தேர்ந்தெடுக்கப்பட்டது.) மனிதர்களின் பங்கை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. எனினும் இத்திட்டம் எதை முதலில் செய்தது, எதை நெடுங்காலம் செய்ய இயலாமல் இருந்தது, இனி எதை எப்போது செய்யக்கூடும் என்பவற்றை வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு பார்த்தால், தனிமனிதர்களின் விருப்பத்தைவிடக் கடற்கரைகளின் அமைப்பு பல இடங்களில் தெளிவான விடை தருகிறது.

1962-ல் ஹோமி பாபா தலைமையிலான அணுசக்தித் துறையின் கீழ், சாராபாயைத் தலைவராகக் கொண்டு விண்வெளி ஆய்வுக்கான தேசியக் குழு அமைக்கப்பட்டபோது, செயற்கைக்கோள் செலுத்துவது அதன் உடனடி நோக்கமாக இருக்கவில்லை. சாராபாய் அண்டக் கதிர்களை ஆராய்ந்த இயற்பியலாளர். அவருடைய அகமதாபாத் ஆய்வகத்தின் கவனம் பூமியின் காந்தப்புலத்தின் மீதும், மேல் வளிமண்டலத்தின் மீதும் இருந்தது. காந்த ஊசி மேலோ கீழோ சாயாமல் கிடைமட்டமாக நிற்கும் இடங்களை இணைக்கும் கோட்டுக்குக் காந்த நிலநடுக்கோடு என்று பெயர். புவியியல் நிலநடுக்கோட்டிலிருந்து விலகி வளைந்து செல்லும் இந்தக் கோடு இந்தியத் தீபகற்பத்தின் தென்முனையைக் கடக்கிறது. கோட்டை ஒட்டிய குறுகிய பட்டையில், தரையிலிருந்து ஏறத்தாழ 105 கி.மீ. உயரத்தில், பகல் நேரத்தில் ஒரு வலிமையான மின்னோட்டம் கிழக்கு நோக்கிப் பாய்கிறது. ஆய்வு பலூன்கள் 40 கி.மீ. அளவிலேயே நின்றுவிடும், செயற்கைக்கோள் அவ்வளவு தாழ்வான பாதையில் சுற்றினால் காற்றின் உராய்வில் விரைவில் விழுந்துவிடும். ஆகவே அந்த மின்னோட்டத்தின் ஊடே சில நிமிடங்கள் பறந்து, அளவெடுத்துக்கொண்டு கடலில் விழும் ஆய்வு ராக்கெட் ஒன்றே அதை நேரில் அளக்கும் கருவியாக இருந்தது. உலகின் விஞ்ஞானிகளுக்கு அந்தக் கோட்டின் மேல் ஒரு தளம் தேவைப்பட்டது. இந்தியாவிடம் ராக்கெட் இல்லாவிட்டாலும் அந்த இடம் இருந்தது.

கேரளக் கடற்கரையில் பல இடங்களைப் பார்த்த பின், ஏக்நாத் சிட்னிஸ் உள்ளிட்டோர் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவைத் தேர்ந்தெடுத்தனர். ரயில் பாதைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட அந்தத் தென்னஞ்சோலையில் பள்ளித்துறை என்னும் மீனவர் குடியிருப்பும், புனித மரிய மகதலேனாள் ஆலயமும், ஆயர் இல்லமும் இருந்தன. ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரைராவின் ஒத்துழைப்போடு மீனவக் குடும்பங்கள் வேறிடத்துக்குப் பெயர்ந்தன. ஆலயம் அலுவலகமாகவும், மாட்டுக் கொட்டகை ஆய்வகமாகவும் மாறின. ஆலயக் கட்டடம் இன்று விண்வெளி அருங்காட்சியகமாக உள்ளது. அறிவியலுக்கு இடம்கொடுத்த ஆயரைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்க, வீடுகளை விட்டுச் சென்ற குடும்பங்களுக்கு அந்த வரலாற்றில் ஒரு வரிக்கு மேல் கிடைத்ததில்லை.

1963 நவம்பர் 21 அன்று மாலை, அமெரிக்கா வழங்கிய நைக்-அப்பாச்சி ராக்கெட் தும்பாவிலிருந்து ஏவப்பட்டது. அது சுமந்து சென்ற கருவி பிரான்சு நாட்டினுடையது. சோடியத்தை ஆவியாக்கி உயரத்தில் வெளியிடுவது அதன் வேலை. தரையில் இருள் கவிந்துவிட்ட, ஆனால் மேல் வளிமண்டலத்தில் இன்னும் வெயில் படுகின்ற அந்திப் பொழுதில், சோடிய ஆவி மஞ்சள்-செம்மஞ்சள் நிறத்தில் ஒளிரும். வெவ்வேறு இடங்களில் நிறுத்தப்பட்ட கேமராக்கள் அந்த ஒளிப்புகை எத்திசையில், எவ்வளவு விரைவில் கலைகிறது என்பதைப் படம்பிடிக்க, அதிலிருந்து மேல் வளிமண்டலக் காற்றின் வேகம் கணக்கிடப்பட்டது. கரையிலிருந்து அண்ணாந்து பார்த்தவர்களுக்கு அது ஒரு வானவேடிக்கையாகத் தோன்றியிருக்கக்கூடும்; நிகழ்ந்ததோ ஒரு முறையான காற்றளவை. அடுத்த சில ஆண்டுகளில் சோவியத் ஒன்றியத்தின் வானிலை ராக்கெட்டுகளும் பிரெஞ்சு வடிவமைப்பிலான சென்டார் ராக்கெட்டுகளும் அதே மணற்பரப்பிலிருந்து எழுந்தன. பனிப்போர் உச்சத்தில் இருந்த காலத்தில் எதிரெதிர் முகாம்களின் கருவிகள் இவ்வாறு ஒரே கடற்கரையில் இயங்கியது வியப்புக்குரியது; 1968 பிப்ரவரி 2 அன்று பிரதமர் இந்திரா காந்தி அத்தளத்தை ஐக்கிய நாடுகள் சபைக்கு அர்ப்பணித்தது அந்த ஏற்பாட்டுக்கு முறையான வடிவம் தந்தது. இதற்கிடையே, 1967 நவம்பரில், வெறும் 75 மி.மீ. விட்டமுடைய ‘ரோகிணி’ என்னும் முதல் உள்நாட்டு ராக்கெட்டும் இங்கிருந்தே ஏவப்பட்டிருந்தது.

தும்பாவுக்குப் புகழ் தந்த அதே நிலவியல், செயற்கைக்கோள் ஏவுவதற்குப் பெருந்தடையாக இருந்தது. செயற்கைக்கோளைக் கிழக்கு நோக்கி ஏவினால் பூமியின் சுழற்சி வேகம் ராக்கெட்டுக்கு இலவசமாகச் சேரும். நிலநடுக்கோட்டில் அது வினாடிக்குச் சுமார் 465 மீட்டர். ஆனால் மேற்குக் கரையில் உள்ள தும்பாவிலிருந்து கிழக்கே ஏவினால், எரிந்து கழன்ற பகுதிகள் தமிழகத்தின் ஊர்கள் மீது விழும். மேற்கே ஏவினாலோ சுழற்சியை எதிர்த்துப் பறக்க வேண்டும். எனவே கிழக்குக் கரையில் தேடல் தொடங்கி, 1969-ல் ஆந்திரத்தின் தென்கோடியில், பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே கிடந்த ஸ்ரீஹரிகோட்டா தீவு தேர்வாயிற்று. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமாகிய இஸ்ரோ உருவானதும் அதே ஆண்டின் ஆகஸ்டு 15-ல்தான். 1971 அக்டோபரில் அத்தீவிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் எழுந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள், டிசம்பர் 30 அன்று, சாராபாய் கோவளத்தில் காலமானார்.

அடுத்த இருபதாண்டுகளின் செய்திகள் பலமுறை சொல்லப்பட்டவை. 1975-ல் ஆரியபட்டா செயற்கைக்கோள் சோவியத் தளத்திலிருந்து சென்றது. 1979 ஆகஸ்டில் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் தோற்று, 1980 ஜூலை 18-ல் 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது, ஏ.எஸ்.எல்.வி. 1987-லும் 1988-லும் விழுந்தது. கவனத்துக்குரியது, தும்பாவில் அறிவியலாகத் தொடங்கிய திட்டம் இக்காலத்தில் தொலைத்தொடர்பு, வானிலை, நிலவளக் கணக்கெடுப்பு ஆகிய பயன்பாடுகளின் பக்கம் முழுமையாகச் சாய்ந்ததாகும். ஏழை நாட்டுக்கு விண்வெளி எதற்கு என்ற கேள்விக்குச் சாராபாய் தந்த விடையே அதுதான் என்பதால், அந்தச் சாய்வைக் குறையாகக் கூற இயலாது; ஆயினும் அறிவியலுக்கென்றே செலுத்தப்படும் பெரிய கலங்களுக்கு நாடு 2008-ன் சந்திரயான்-1 வரை காத்திருக்க நேர்ந்தது அதன் விலை.

நிலவளச் செயற்கைக்கோள்களுக்கு ஏற்ற பாதை துருவங்களை ஒட்டிச் சுற்றும் சூரிய இசைவுப் பாதை. அதாவது ஒவ்வோர் இடத்தையும் எப்போதும் ஒரே உள்ளூர் நேரத்தில் கடந்து செல்லும் பாதை. நிழல்களின் நீளம் மாறாததால், இன்று எடுத்த படத்தையும் சில வாரங்கள் கழித்து எடுத்த படத்தையும் ஒப்பிட்டுப் பயிரின் வளர்ச்சியை அறிய முடியும். இப்பாதைக்குத் தெற்கு நோக்கி ஏவ வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவுக்கு நேர் தெற்கே இருப்பதோ இலங்கை. ஆகையால் பி.எஸ்.எல்.வி. ராக்கெட் முதலில் தென்கிழக்காகப் பறந்து, இலங்கையைச் சுற்றிக் கடந்த பின்னரே தெற்கு நோக்கித் திரும்புகிறது. ராக்கெட் வேகம் பிடித்த பிறகு அதன் திசையைத் திருப்ப எரிபொருள் செலவாகும்; அந்தச் செலவு, சுமக்கும் எடையிலிருந்தே கழியும். 1994 அக்டோபரில் முதல் வெற்றியைக் கண்டு, இன்று ஏறத்தாழ 1,750 கிலோவை இப்பாதைக்குக் கொண்டுசெல்லும் பி.எஸ்.எல்.வி.க்கு இந்த இழப்பு தாங்கக்கூடியது. சிறிய ராக்கெட்டுக்கோ அது சுமையின் பெரும்பகுதியையே விழுங்கிவிடும்.

இத்தகைய ராக்கெட்டுகளின் எஞ்சின்களைச் சோதிக்கும் இடமாகத் திருநெல்வேலி மாவட்டத்தின் மகேந்திரகிரி வரலாற்றுக்குள் வருகிறது. திட எரிபொருள் ஒருமுறை பற்றினால் எரிந்தே தீரும். திரவ எரிபொருள் எஞ்சினையோ கட்டுப்படுத்தலாம். 1974-ல் பிரான்சுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, இந்தியப் பொறியாளர்கள் அங்கு சென்று வைக்கிங் எஞ்சின் பணியில் உழைத்தனர். அந்த உழைப்புக்கு ஈடாகத் தொழில்நுட்பம் கிடைத்தது. இவ்வாறு பிறந்த ‘விகாஸ்’ எஞ்சின் இன்றளவும் இந்திய ராக்கெட்டுகளின் முதுகெலும்பு. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஊர்களிலிருந்து ஒதுங்கிய மகேந்திரகிரியில் அத்தகைய எஞ்சின்கள் தரையோடு பிணைக்கப்பட்டு எரித்துச் சோதிக்கப்படுகின்றன. மேலடுக்கு எஞ்சின்களைச் சோதிப்பதில் தனிச் சிக்கல் உண்டு: வெற்றிடத்துக்கென அகலமாக வடிவமைக்கப்பட்ட வெளியேற்றுக் குழலைத் தரையில் இயக்கினால், காற்றழுத்தத்தின் காரணமாக வெளியேறும் வாயு குழலின் சுவரைவிட்டு விலகி, எஞ்சினையே சேதப்படுத்தும் அளவுக்கு அதிர்வை உண்டாக்கும். ஆகவே காற்றை உறிஞ்சி மிக உயரத்தின் நிலையை ஏற்படுத்தும் சோதனைக் கூடமும் அங்கே அமைக்கப்பட்டது.

மைனஸ் 253 பாகையில் திரவமாகும் ஹைட்ரஜனையும், மைனஸ் 183 பாகையில் திரவமாகும் ஆக்சிஜனையும் எரிக்கும் கிரயோஜெனிக் எஞ்சினின் தொழில்நுட்பத்தை ரஷ்யாவிடமிருந்து பெறும் முயற்சி, அமெரிக்கத் தடையால் 1993-ல் முறிந்தது. எஞ்சின்கள் வந்தன, செய்யும் முறை வரவில்லை. உள்நாட்டு எஞ்சினுடன் 2010 ஏப்ரலில் பறந்த ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் வீழ்ந்தது; 2014 ஜனவரி 5 அன்றுதான் அது வென்றது. தடை நன்மையில் முடிந்தது என்று கூறுவது இப்போது வழக்கமாகிவிட்டது. இடைப்பட்ட இருபதாண்டுகளில் கனத்த தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்களைத் தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலிருந்து கட்டணம் செலுத்தி ஏவ வேண்டியிருந்ததை அந்தக் கூற்று மறைத்துவிடுகிறது.

நிலவுப் பயணத்திலும் தமிழக மண்ணுக்கு நேரடிப் பங்கு உண்டு. நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்த அனார்த்தோசைட் என்னும் பாறை நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி வட்டாரத்தில் கிடைக்கிறது. அதைப் பொடித்துச் செய்த மண்ணில்தான் சந்திரயானின் தரையிறங்கு கலமும் ஊர்தியும் சோதிக்கப்பட்டன. 2019 செப்டம்பரில் சந்திரயான்-2-ன் விக்ரம் கலம் மோதி அழிந்தது. 2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரயான்-3 நிலவின் தென் துருவப் பகுதியை ஒட்டி, ஏறத்தாழ 69 பாகை தெற்கில் இறங்கியது.

தூத்துக்குடி மாவட்டத்தின் குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று செயற்கைக்கோள்களுக்கான இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டபோது, நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதே அவ்வூரின் சிறப்பு என்று பரவலாக எழுதப்பட்டது. அந்த விளக்கம் பிழையானது. தெற்கு நோக்கிச் செல்லும் ராக்கெட்டுக்குப் பூமியின் சுழற்சி வேகம் உதவுவதில்லை. சூரிய இசைவுப் பாதை சற்றே மேற்காகச் சாய்ந்திருப்பதால் அது சிறு தடையாகக்கூட அமையும். முத்தாரம்மன் கோயில் தசராவுக்குப் பெயர்பெற்ற அந்தக் கடற்கரையின் உண்மையான சிறப்பு, அங்கிருந்து தெற்கே அண்டார்க்டிகா வரை தடையற்ற கடல் விரிந்திருப்பதும், இலங்கை கிழக்கே ஒதுங்கிவிடுவதுமாகும். 34 மீட்டர் உயரமும் 120 டன் எடையும் கொண்ட எஸ்.எஸ்.எல்.வி. என்னும் சிறு ராக்கெட்டைக் கருதியே இத்தளம் திட்டமிடப்பட்டுள்ளது. 2022-ல் முதல் முயற்சியில் தோற்ற அந்த ராக்கெட் 2023 பிப்ரவரியிலும் 2024 ஆகஸ்டிலும் வென்றது. இத்தளத்துக்கென 2,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் எடுக்கப்பட்டுள்ளது. ராக்கெட் ஏவும் நாள்களில் கடலுக்குள் செல்லக்கூடாது என்ற கட்டுப்பாட்டைப் பழவேற்காட்டு மீனவர்கள் ஏற்கெனவே அறிவர். தனியார் செயற்கைக்கோள்களுக்காக அடிக்கடி ஏவுவதையே நோக்கமாகக் கொண்ட தளத்தில் அத்தகைய நாள்களும் கூடும் என்பதால், இழப்பீட்டு முறையை முதல் ராக்கெட் எழுவதற்கு முன்பே வகுப்பதுதான் முறை.

2028-க்குள் பாரதிய விண்வெளி நிலையத்தின் முதல் அலகு, 2035-க்குள் முழு நிலையம், 2040-க்குள் நிலவில் இந்தியர் என்று அரசு இலக்குகளை அறிவித்துள்ளது. நிலவின் மண்ணைப் பூமிக்குக் கொண்டுவரும் சந்திரயான்-4 திட்டத்துக்கும், வெள்ளி கோள் ஆய்வுக்கும், தாழ்பாதைக்கு 30 டன் வரை சுமக்கக்கூடிய புதிய தலைமுறை ஏவுகலத்துக்கும் 2024 செப்டம்பரில் ஒப்புதல் தரப்பட்டது. மண்ணெண்ணெய் வகை எரிபொருளையும் திரவ ஆக்சிஜனையும் எரிக்கும் அரை-கிரயோஜெனிக் எஞ்சினின் முக்கியப் பகுதி 2025 மார்ச்சில் மகேந்திரகிரியில் எரித்துச் சோதிக்கப்பட்டது.

இவ்விலக்குகளில் பலவற்றின் பாரம் தற்போது ஒரே ஏவுமேடையின் மீது விழுகிறது. சந்திரயான்-4-ன் பகுதிகள் ஒரே ராக்கெட்டில் அடங்காத எடை கொண்டவை, எனவே எல்.வி.எம்.-3 ராக்கெட்டை இருமுறை ஏவி, பூமியைச் சுற்றும் பாதையில் அவற்றை இணைக்க வேண்டும். இத்தகைய இணைப்பை இஸ்ரோ 2025 ஜனவரி 16 அன்று ‘ஸ்பேடெக்ஸ்’ சோதனையில் செய்து காட்டியது. ஆனால் எல்.வி.எம்.-3 ராக்கெட்டை ஏவ ஸ்ரீஹரிகோட்டாவின் இரண்டாம் ஏவுமேடை ஒன்றே உள்ளது. மனிதரைச் சுமக்கும் ககன்யானும் அதே மேடையைத்தான் நம்பியிருக்கிறது. அங்கே ஒரு விபத்து நேர்ந்தால் மாற்று இடம் கிடையாது. 2025 ஜனவரியில் 3,984.86 கோடி ரூபாய் மதிப்பில் ஒப்புதல் பெற்ற மூன்றாம் ஏவுமேடை, எல்.வி.எம்.-3-க்கு மாற்று மேடையாகவும் புதிய தலைமுறை ஏவுகலத்துக்கு முதன்மை மேடையாகவும் திட்டமிடப்பட்டுள்ளது. அதைக் கட்டி முடிக்க நான்காண்டுகள் ஒதுக்கப்பட்டுள்ளன. அந்தக் கணக்கின்படி வேலை நடந்தால்கூட, நிலையத்தின் முதல் அலகுக்குக் குறிக்கப்பட்ட ஆண்டு கடந்த பிறகே அம்மேடை பயன்பாட்டுக்கு வரும்.