செவி வழி வந்த மொழி

'தால்' என்பது நாவைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். தாய் தன் நாவை அசைத்துப் பாடுவதே தாலாட்டு எனப்பட்டது. மொழி தாயின் நாவிலிருந்து சேயின் செவிக்கும், அச்செவியிலிருந்து சேயின் நாவிற்கும் செல்கிறது. இடையிலுள்ள செவி அடைபட்டால் நாவும் வாளாவிருக்கும். இதனை உணராத உலகம், காது கேளாத குழந்தையை 'ஊமை' என்று கூறி நெடுங்காலம் ஒதுக்கி வைத்தது.

அக்குழந்தையின் நாவில் குறையில்லை என்பதைச் செயலிற் காட்டியவர், 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டு ஓன்யா மடத்தில் வாழ்ந்த பெத்ரோ போன்சே என்னும் துறவியாவார். காது கேளாத உயர்குடிச் சிறுவர்க்கு எழுத்தோடு பேச்சையும் அவர் பயிற்றினார். 18ஆம் நூற்றாண்டில் இக்கல்வி இரு கிளையாகப் பிரிந்தது. பாரிசில் அபே தெ லெப்பே சைகையால் கற்பித்தார். 1778இல் லைப்சிக்கில் பள்ளி நிறுவிய சாமுவேல் ஹைனிக்கே வாய்ப்பேச்சையே வலியுறுத்தினார்.

1880இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, சைகையை விலக்கி வாய்ப்பேச்சாலேயே கற்பித்தல் வேண்டுமெனத் தீர்மானித்தது. பல நாடுகளில் சைகை வகுப்பறையினின்று அகற்றப்பட்டது. காது கேளாத ஆசிரியர் பலர் பணியிழந்தனர். பிள்ளைகள் ஆசிரியரின் உதட்டை உற்று நோக்கியும், தொண்டையைத் தொட்டுணர்ந்தும் ஒலிகளை ஒவ்வொன்றாகப் பயின்றனர். பேச்சைப் புகட்ட முனைந்தோர் கண்ணையும் கையையும் நாடினரேயன்றிச் செவியை நாடினாரில்லை.

செவியின் பக்கம் கருத்தைத் திருப்பியவர் வியன்னா நகரக் காது மருத்துவர் விக்டர் உர்பான்சிட்ச் ஆவார். காது கேளாதோர் எனப்பட்ட மாணவர் பலரிடம் சிறிதளவு கேட்கும் ஆற்றல் எஞ்சியிருப்பதையும், பயிற்சியால் அதனைப் பயன்கொள்ள இயலும் என்பதையும் அவர் 1895இல் நூலாக வெளியிட்டார். அவரிடம் பயின்ற மாக்ஸ் கோல்ட்ஸ்டைன், 1914இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் அம்முறையைப் போற்றும் நிறுவனம் ஒன்றைத் தோற்றுவித்தார்.

எனினும், பள்ளி வயது வரும்வரை காத்திருத்தல் தகுமா? இவ்வினாவிற்கு விடை தந்தவள் ஒரு தாய். திரைப்பட நடிகர் ஸ்பென்சர் டிரேசியின் துணைவியார் லூயிஸ், தம் கைக்குழந்தை ஜான் உறங்குகையில் கதவு படீரென்று சாத்தப்பட்டும் அவன் விழிக்காததைக் கண்டு திடுக்கிட்டார்; பெயர் சொல்லி அழைத்தார்; அவன் அசையவில்லை. கலங்கிய அத்தாய், அவனோடு இடைவிடாது பேசினார். பின்னர் 1942இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் மகன் பெயரால் ஒரு நிலையம் அமைத்தார். பெற்றோரே முதல் ஆசிரியர் என்பது அதன் கொள்கை. தொலைவிலுள்ள பெற்றோர்க்கு அஞ்சல் வழிப் பாடங்களும் கட்டணமின்றி அனுப்பப்பட்டன.

கருவிகளும் வளர்ந்தன. தந்தையின் செவிக்குறையைக் கண்டு வளர்ந்த கிரேம் கிளார்க், 1978இல் மெல்பர்ன் நகரில் ஒருவரின் உட்செவியில் பல மின்வாய்கள் கொண்ட கருவியைப் பொருத்தினார். 1990இல் அமெரிக்க அரசு 2 வயது நிரம்பிய குழந்தைகளுக்கும் அத்தகைய கருவியை ஏற்றது. ஆயினும், கருவி ஒலியைத் தருமேயன்றிப் பொருளைத் தராது. குழாயில் நீர் விழும் ஓசையை முதலில் கேட்கச் செய்து, பின்னர் நீரைக் காட்டி, "தண்ணீர் கொட்டுகிறது" என்று சொல்லி, மறுமொழிக்குப் பொறுமையோடு காத்திருக்கும் ஒருவர் அருகில் வேண்டும்.

காலமும் இன்றியமையாதது. பிறந்து 6 மாதத்திற்குள் குறை கண்டறியப்பட்டு உதவி பெற்ற குழந்தைகள், பிந்திக் கண்டறியப்பட்டோரினும் மொழியில் மேம்பட்டிருந்தமையைக் கிறிஸ்டின் யோஷினாகா-இட்டானோ குழுவினர் 1998இல் வெளியிட்டனர். 1 மாதத்திற்குள் சோதனை, 3 மாதத்திற்குள் உறுதிப்பாடு, 6 மாதத்திற்குள் பயிற்சி என்னும் நெறி பின்னர் வகுக்கப்பட்டது.

2010இல் வான்கூவர் நகரில் கூடிய அதே வரிசை மாநாடு, மிலான் தீர்மானங்களை மறுத்து, அவற்றால் விளைந்த தீங்கிற்கு வருந்தியது. பேச்சைக் கற்பித்தது தவறன்று. சைகையைப் பறித்ததே தவறு. எல்லாக் குழந்தைக்கும் ஒரே வழி பொருந்தாது. செவி வழியாயினும் கை வழியாயினும், மொழியின்றி இளமை கழிதலே பெருங்கேடு. அழைத்தும் திரும்பாத மாணவனைக் கவனமற்றவன் எனக் கடியுமுன், அவனுக்குக் கேட்கிறதா என ஆராய்தல் ஆசிரியராகிய நம் கடனாகும்.